கை ஊன்ற ஓர் இடம்

இரும்புத்தாது ஏற்றிய கப்பலின் ஆட்டம் வேறு, நிலக்கரி ஏற்றிய கப்பலின் ஆட்டம் வேறு. தாது கனமானது. கிடங்குகளில் பாதி இடம்கூட நிரம்புவதற்குள் கப்பல் தாங்கும் எடை வந்துவிடும். அத்தனை எடையும் அடியிலேயே கிடப்பதால், சாய்ந்த கப்பல் மெல்ல நிமிராது. வெடுக்கென்று நிமிர்ந்து அதே வேகத்தில் மறுபக்கம் சாயும். கப்பல்காரர்கள் இதை 'ஸ்டிஃப் ஷிப்' என்பார்கள். அதில் எதையாவது பிடிக்காமல் நிற்க முடியாது. மேசையில் தட்டு தங்காது, கட்டிலில் உடம்பு தங்காது.

அப்படியொரு கப்பலில்தான் நான் தேர்ட் மேட்டாக, அதாவது மூன்றாம் அதிகாரியாக, முதன்முதலில் தனியாக வாட்ச் (கண்காணிப்புப் பணி) எடுத்தேன். அப்போது சென்னைத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது. ஜூலை மாதம். சென்னையிலிருந்து தென்கிழக்கே இறங்கி, கிரேட் நிக்கோபார் தீவுக்குத் தெற்கே போய், மலாக்கா நீரிணைக்குள் நுழைய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பிய பேரலை, கப்பலின் வலப்பக்கத்தில் ஏறக்குறையக் குறுக்காகவே வந்து தாக்கும். மலாக்கா நெருங்கும்வரை அந்த ஆட்டம் விடாது.

தேர்ட் மேட்டின் வாட்ச் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, காலையிலும் இரவிலும். கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் இரவில் விளக்கு இருக்காது. ரேடார் திரையின் மங்கிய வெளிச்சம் மட்டும்தான். திரையில் ஒரு புள்ளி தெரிந்தால், கன்சோலில் பதித்த பந்தான டிராக்பாலை உருட்டிக் குறியை அந்தப் புள்ளியின்மேல் கொண்டுபோய் வைத்து, பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பிறகு கருவியே அந்தப் புள்ளியைப் பின்தொடரும். மூன்று நிமிடத்துக்குள், அந்தக் கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது, நம்மை எவ்வளவு நெருங்கி வரும், அதற்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிடும். 'ஆர்பா' என்று நாங்கள் சொல்லும் இந்த வசதியை நம்பித்தான் இரவில் கப்பல்கள் ஒன்றையொன்று விலகிப் போகின்றன. ஆனால் அதற்கு முதலில் குறி புள்ளியின்மேல் விழ வேண்டும். இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வேண்டிய படகின்மேல் விழ வேண்டும்.

எனக்கு முந்தைய வாட்ச் சீஃப் மேட்டுடையது. கீழக்கரைக்காரர். வாட்சை ஒப்படைத்த பிறகும் உடனே இறங்கிப் போகமாட்டார். இருட்டுக்குக் கண் பழகும்வரை புதிய ஆளோடு நிற்பார். அந்த முதல் இரவில் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கை அந்தரத்துல நிக்குது பாரு. கப்பல் ஆடுனா அதுவும் ஆடும். உள்ளங்கையோட அடிப்பக்கத்த கன்சோல்ல ஊனு. விரல் மட்டும் வேலை செய்யட்டும்."

ஊன்றினேன். அவர் மேலும் சொன்னார்: "சவரக் கடையில பாத்திருக்கியா? சுண்டுவிரல நம்ம கன்னத்துல ஊனிட்டுத்தான் கத்திய வைப்பாரு. நாம தலைய அசைச்சாலும் கையும் கூடவே அசையும். கத்தி வெட்டாது."

ஆடுகின்ற இடத்தில் கணினியைக் கையாளுவது பற்றி நான் பின்னாளில் படித்தவை, பார்த்தவை எல்லாமே அந்த ஒரு விளக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கப்பல் ஆடுவதால் குறி தவறுவதில்லை. கையும் கருவியும் வெவ்வேறாக ஆடுவதால்தான் தவறுகிறது. கருவி கப்பலோடு திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. கையும் அதே கன்சோலில் ஊன்றியிருந்தால், இரண்டுக்கும் ஒரே ஆட்டம். இரண்டுக்கும் பொதுவான ஆட்டம் கழிந்துபோகும். விரல் உருட்டும் அந்தச் சிறு வித்தியாசம் மட்டும் திரைக்குப் போய்ச் சேரும்.

டிராக்பாலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்துக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று எதுவும் கிடையாது. அதன் எடை மிகச்சரியாக நடுவில் இருக்கிறது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பந்தை எந்தப் பக்கமும் சுழற்ற அந்தச் சாய்வால் முடியாது. கையை எடுத்துவிட்டால் குறி விட்ட இடத்திலேயே நிற்கும். பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அங்கேயே இருக்கும். வாட்ச் நிற்பவனுக்கு இது பெரிய ஆறுதல். அவன் கண் திரையில் இருக்க வேண்டிய நேரத்தைவிடக் கடலில் இருக்க வேண்டிய நேரம் அதிகம்.

இந்தக் கருவி கடலுக்காகவே பிறந்தது என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ரேடார் திரையில் தெரியும் விமானங்களின் இடத்தைக் கணக்கிடும் கருவிக்குள் எப்படிப் புகுத்துவது என்ற சிக்கல் பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்தது. முதலில் ஜாய்ஸ்டிக் வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து வந்துசேர்ந்த ரால்ஃப் பெஞ்சமின் என்ற இளம் பொறியாளர், அதைவிட நேர்த்தியான ஒன்று வேண்டும் என்று 1946இல் உருளும் பந்து ஒன்றை வடிவமைத்தார். ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின்மேல் உருளும் உலோகப் பந்து அது. 1947இல் காப்புரிமைக்குப் பதிவானது. ஆனால் ராணுவ ரகசியமாகவே வைக்கப்பட்டதால் வெளியுலகம் அறியவில்லை.

பெஞ்சமினின் பந்தைப் பற்றித் தெரியாமலே கனடாவிலும் ஒரு பந்து உருண்டது. கனடா கடற்படைக்காக ஃபெராண்டி கனடா நிறுவனத்தில் டாம் க்ரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் மூவரும் 1952இல் 'டேட்டார்' என்ற அமைப்புக்கு ஒரு டிராக்பாலைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கனடாக்காரர்கள் பொழுதுபோக்காக விளையாடும் ஐந்து-பின் பௌலிங் பந்து. உள்ளங்கையை விரித்து வைத்தால் கை முழுவதையும் தாங்கும் அளவு. இந்தப் பெரிய பந்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. ஆடும் கப்பலில் நிற்கும் மாலுமியின் கைக்கு எது வசதி என்று அவர்கள் யோசித்திருப்பது அந்தப் படத்திலேயே தெரிந்தது.

மவுஸ் பிறந்த இடம் வேறு. அதை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட்டும் ஒருகாலத்தில் அமெரிக்கக் கடற்படையில் ரேடார் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர்தான். திரையும் மனிதனும் சேர்ந்து வேலை செய்யலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ரேடார் அனுபவம் ஒரு வித்து. ஆனால் 1964இல் அவரும் பில் இங்கிலீஷும் மரப்பெட்டியில் செய்த மவுஸ், கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் மேசைக்காகச் செய்தது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்கும் நெம்புகோல் எனப் பலவற்றோடு ஒப்பிட்டுத்தான் மவுஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை சோதனைகளும் அசையாத தரைமேல், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளை வைத்து நடந்தவை. அந்த இடத்தில் மவுஸை மிஞ்சக் கருவி இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நானும் மவுஸ்தான் வைத்திருக்கிறேன்.

கப்பலில் மவுஸ் இருந்த இடம் ஷிப்ஸ் ஆபீஸ். சரக்கு ஏற்றும்போது கப்பலின் உடல் எங்கே எவ்வளவு வளையும், நிலைத்தன்மை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடும் கணினி அங்கேதான் இருக்கும். துறைமுகத்தில் கப்பல் அசையாமல் நிற்கும்போது அதனால் தொல்லை இல்லை. ஆனால் நடுக்கடலிலும் அதற்கு வேலை உண்டு. சரக்கு இல்லாமல் போகும்போது தொட்டிகளில் நிரப்பியிருக்கும் கடல்நீரை ஆழ்கடலில் மாற்ற வேண்டும். ஒரு கடற்கரையின் உயிர்களை இன்னொரு கடற்கரையில் கொண்டுபோய் விடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. எந்தத் தொட்டியை எப்போது காலி செய்வது, எப்போது நிரப்புவது என்று படிப்படியாகக் கணக்குப் போட்டுத்தான் வால்வைத் திறக்கலாம். கணக்குப் பிசகினால் கப்பலின் முதுகெலும்புக்கே ஆபத்து.

கேடட்டாக, அதாவது பயிற்சி மாணவனாக, இருந்த நாட்களில் சீஃப் மேட்டுக்கு உதவியாக அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் இருபது டிகிரி சாயும்போது மவுஸ் மேசையின் குறுக்கே ஓடும். மறுபக்கம் சாயும்போது திரும்பி வரும். அன்றைய மவுஸில் அடியில் ரப்பர் பந்து இருக்கும். சாய்வில் பந்து தன் உருளைகளை விட்டு விலகிவிடும், குறி நின்றுபோகும். பிறகு வந்த ஒளி மவுஸில் பந்து இல்லை. அடியிலுள்ள சிறு கேமரா நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, பரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடும். அதற்குத் தெரிவதெல்லாம் மவுஸுக்கும் மேசைக்கும் நடுவே நடந்த நகர்வு மட்டும். நகர்த்தியது மனிதனா, கடலா என்று அதற்குத் தெரியாது. கடல் நகர்த்தினாலும் குறியை நகர்த்தும்.

ஆனால் கப்பல்காரர்கள் எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள். மெஸ்ஸில் கடல் கொந்தளிக்கும்போது மேசைவிரிப்பை நனைத்து விரிப்பார்கள். ஈரத் துணிமேல் தட்டு வழுக்காது. அதே ஈரத்துணி, நன்றாகப் பிழிந்து மடித்து, மவுஸ் பேடுக்கு அடியில் போகும். மேசை விளிம்பில் மரச்சட்டம் அடிப்பார்கள். மவுஸின் வயரை மேசையோடு டேப் போட்டு ஒட்டுவார்கள். அனுபவப்பட்ட சீஃப் மேட்டுகள் மவுஸைத் தொடவேமாட்டார்கள். விசைப்பலகையின் டேப் பொத்தான், அம்புக்குறி, என்டர் ஆகிய மூன்றை வைத்தே எல்லாத் தொட்டிகளின் எண்களையும் நிரப்பிவிடுவார்கள். பொத்தான் இருக்கும் இடத்தை விட்டு நகராது. விரல் அதைத் தேடிப் போய்த் தொட்டதும், தொட்டேன் என்று விரலுக்கே தெரியும்.

கப்பலில் ஆட்டம் ஒருவகை என்றால் அதிர்வு இன்னொருவகை. ஆட்டத்தைக் கடல் கொடுக்கிறது, அதிர்வை எஞ்சின் கொடுக்கிறது. பெரிய சரக்குக் கப்பலின் எஞ்சின் மெதுவாகச் சுழலும். நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லருக்கு நான்கு இதழ். ஒவ்வோர் இதழும் கப்பலின் பின்புறத்தைக் கடக்கும்போது நீர் ஓர் அடி அடிக்கும். நிமிடத்துக்கு 360 அடி, அதாவது நொடிக்கு ஆறு. வெறுங்கப்பலாகப் போகும்போது புரொப்பெல்லர் நீரின் மேல்மட்டத்துக்கு அருகே வந்துவிடுவதால் அந்த அடி இன்னும் பலமாக விழும். பிரிட்ஜும் தங்கும் அறைகளும் அதற்கு நேர் மேலே, கப்பலின் பின்பகுதியில் இருக்கின்றன.

நொடிக்கு ஆறு என்பது எங்களுக்கு வாய்த்த மோசமான எண். மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை எப்படி ஏற்கிறது என்று அளவிட்டவர்கள், நொடிக்கு நான்கிலிருந்து எட்டு வரையிலான அதிர்வுகளுக்குத்தான் உடம்பு மிக எளிதில் வசப்படுகிறது என்று கண்டிருக்கிறார்கள். உடலதிர்வைப் பற்றிய ஐஎஸ்ஓ 2631 என்ற பன்னாட்டுத் தரமும் இந்த வீச்சுக்குத்தான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. மிக மெதுவான ஆட்டத்தில் உடம்பு முழுவதும் ஒரே பொருளாகச் சேர்ந்து போய்வரும். நொடிக்கு ஐந்தை ஒட்டிய அதிர்வில் மார்பும் தோளும் தரையைவிட அதிகமாகக் குலுங்கும். நீட்டிய கை அதைவிட அதிகமாகக் குலுங்கும். தரையில் தொடங்கிய சிறு அதிர்வு, விரல்நுனிக்கு வரும்போது பெருத்துவிடுகிறது.

குளிர்கால வடபசிபிக்கில் வெறுங்கப்பலில் போன நாட்களில் இதை உடம்பால் உணர்ந்திருக்கிறேன். திரையிலுள்ள சிறிய எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். கையை நீட்டி ஒரு பொத்தானைச் சுட்டினால் விரல்நுனி அதைச் சுற்றித் துடிக்கும். கன்சோலில் உள்ளங்கையை ஊன்றிய அந்தக் கணமே துடிப்பு அடங்கும். கீழக்கரைக்காரர் சொன்னது ஆட்டத்துக்கு மட்டுமான பாடம் என்று நினைத்திருந்தேன். அதிர்வுக்கும் அதுவே மருந்து.

1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியைத் தந்தார். கை ஓர் இலக்கைத் தொட எடுக்கும் நேரம் இரண்டைப் பொறுத்தது: இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலமாக இருக்கிறது. கணினித் திரையை வடிவமைக்கிற எல்லோரும் இன்றும் படிக்கும் விதி இது. ஆடும் இடத்தில் இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: கை நடுங்கும் அளவு, இலக்கின் அகலத்திலிருந்து கழிந்துவிடுகிறது. மேசையில் தாராளமாகத் தெரிந்த பொத்தான், கடலில் ஊசிமுனையாகிவிடுகிறது. ஆகவே ஆடும் இடத்துக்கான திரையில் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், இடைவெளி விட்டிருக்க வேண்டும், ஆபத்தான கட்டளையும் அன்றாடக் கட்டளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது.

மின்னணு வரைபடம் வந்தபோது இதெல்லாம் சோதனைக்கு வந்தது. நான் படித்த காலத்தில் காகித வரைபடம்தான். வரைபட மேசையில் இணைகோல், டிவைடர், 2பி பென்சில். மணிக்கட்டு மேசையில் ஊன்றியிருக்கும், கோடு நேராக வரும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2009இல் ஏற்ற திருத்தத்தின்படி, 2012 முதல் 2018 வரை படிப்படியாக 'எக்டிஸ்' என்ற மின்னணு வரைபடம் கப்பல்களில் கட்டாயமானது. நாற்பது மணிநேரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி நிலையத்தின் குளிரூட்டிய அறையில் மேசையும் மவுஸும் அசையவில்லை. எல்லோரும் எளிதாகக் கற்றோம்.

செகண்ட் மேட்டாக, கப்பல் போக வேண்டிய பாதையை வகுக்கும் வேலை என்னுடையதானது. பாதையின் திருப்புமுனைகளைத் திரையில் வைக்க வேண்டும், நகர்த்த வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே குறியை இழுத்துச்செல்லும் பழக்கம் மேசைக் கணினியிலிருந்து வந்தது. கப்பல் சாயும் நேரத்தில் இதைவிடக் கடினமான கைவேலை இல்லை. ஒரு விரல் அழுத்தத்தை விடக்கூடாது, மற்ற விரல் உருட்ட வேண்டும், உடம்பு சாய வேண்டும். நடுவழியில் அழுத்தம் தளர்ந்தால் திருப்புமுனை நினைக்காத இடத்தில் விழுந்துவிடும். நல்ல எக்டிஸில் இதைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒருமுறை அழுத்திப் புள்ளியை எடு, கையை விட்டுவிடு, நிதானமாக உருட்டு, மறுபடி அழுத்தி வை. கப்பல் நிமிரும்வரை காத்திருந்து கடைசி அழுத்தத்தைக் கொடுக்கலாம். அதைவிடச் சிறந்த வழி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை விசைப்பலகையில் தட்டச்சு செய்துவிடுவது. நான் பெரும்பாலும் அதைத்தான் செய்தேன், எனக்குக் கீழே வேலை பார்த்த தம்பிகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டிராக்பாலைப் பராமரிப்பதும் ஒரு கடமை. விரலின் எண்ணெயும் வியர்வையும், நள்ளிரவுத் தேநீரோடு தின்ற பிஸ்கட்டின் தூளும் பந்தோடு சேர்ந்து உள்ளே போகும். உள்ளிருக்கும் சிறு உருளைகளில் கறுப்பு வளையமாகப் படியும். பிறகு குறி ஒரு திசையில் தடையில்லாமல் போகும், மற்ற திசையில் தயங்கித் தயங்கிப் போகும். பந்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகிக் கழற்றி, பந்தை எடுத்துத் துடைத்து, உருளைகளை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்ய வேண்டும். நெரிசலான கடலுக்குள் நுழைவதற்கு முன்னால் இதைச் செய்து முடிப்பது என் வழக்கம். குறி தயங்கும் பந்தோடு சிங்கப்பூர் நீரிணைக்குள் யாரும் நுழையக்கூடாது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோகும் வழியிலும் இந்தச் சிந்தனை தொடர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் போகும்போது மடிக்கணினியில் தேர்வுக்குப் படிப்பேன். என்னிடம் இருந்தது விசைப்பலகையின் நடுவில் சிவப்புக் குமிழ் உள்ள திங்க்பேட். டெட் செல்கர் உருவாக்கிய அந்தக் குமிழ் 1992இல் ஐபிஎம் மடிக்கணினியில் வந்தது. ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவே இருக்கும். அது நகராது. விரல் எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் உணர்ந்து குறியை ஓட்டும். ரயில் தண்டவாளம் மாறும்போது பெட்டி குலுங்கும். தொடுபலகையில் விரல் தாவிவிடும். குமிழில் விரல் தாவாது, ஏனென்றால் மற்ற விரல்கள் எல்லாம் விசைகளின்மேல் ஊன்றியிருக்கின்றன. கடலுக்குச் செய்ததும் ரயிலில் உதவியதும் வெவ்வேறு கருவிகள். இரண்டுக்கும் பின்னால் இருந்த அறிவு ஒன்றுதான்.

அந்த அறிவு விமானத்திலும் இருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் விமானிகள் திரைக்குறியை நகர்த்த, இருக்கைக்குப் பக்கத்தில் பதித்த டிராக்பாலைப் பயன்படுத்துகிறார்கள். 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் விண்கலம் விண்வெளிக்குக் கொண்டுபோன ஆப்பிள் மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினியிலும் உடலோடு பதித்த டிராக்பால் இருந்தது. எடையற்ற வெளியில் மவுஸ் எந்த மேசையிலும் தங்காது.

இத்தனை அனுபவம் சேர்ந்த பிறகு, கடந்த சில ஆண்டுகளாகக் கப்பல்களின் பிரிட்ஜில் வழவழப்பான தொடுதிரைகள் வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். துறைமுகத்தில் பார்த்தால் அழகு. கடலில் கையை நீட்டி, ஊன்ற இடமின்றி, ஒரு விரலால் கண்ணாடியைச் சுட்ட வேண்டும். இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எதைத் தொட்டோம் என்று அறியக் கண்ணைக் கடலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். கப்பல்காரர்களிடம் பழைய சொல் ஒன்று உண்டு: ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. ஒரு கை எப்போதும் கைப்பிடியைப் பிடித்திருக்கும். மிச்சமிருக்கும் ஒரு கையும் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் கருவி, கப்பலுக்கான கருவி இல்லை.

2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் கடலின் ஆட்டம் காரணமில்லை. சுக்கான், வேகம் இரண்டையும் தொடுதிரை வழியே இயக்கும் அமைப்பில், எந்த இருக்கையில் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்ற குழப்பம் விசாரணையில் வெளிவந்தது. பயிற்சிக் குறைவும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு 2019இல், அந்த வகைப் போர்க்கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. நெம்புகோல் இருந்தால் எது எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியும். அமைதியான கடலிலேயே இது இவ்வளவு முக்கியம் என்றால், கொந்தளிக்கும் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சாலையிலும் இதே கதைதான். 2022இல் ஸ்வீடனின் 'வி பிலேகாரே' என்ற கார் இதழ், 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார்களில் நான்கு எளிய வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வால்வோவில் பத்து வினாடியில் முடிந்தது. தொடுதிரை வைத்த புதிய கார்களில் ஒன்று 44.9 வினாடி எடுத்துக்கொண்டது. அத்தனை நேரமும் ஓட்டுபவரின் கவனம் சாலையில் முழுதாக இல்லை. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் திசைவிளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தொட்டறியும் பொத்தான்கள் இல்லாத கார்களுக்கு முழு மதிப்பெண் தருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறது.

இதையெல்லாம் படிக்காமலே சொன்ன ஒருவர் என் தாய்மாமா. தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருந்தார். அவர் படகில் பழைய ஜிபிஎஸ், ஒரு எக்கோ சவுண்டர், ஒரு வாக்கிடாக்கி. மூன்றிலும் தடித்த ரப்பர் பொத்தான்கள். டீசல் எஞ்சினின் அதிர்வு படகின் பலகை முழுவதும் ஓடும், பெரிய கப்பலில் நான் அறிந்த அதிர்வெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அவர் மகன் தொடுதிரை வைத்த புதிய கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினான். படம் பெரிது, நிறம் அழகு. ஆனால் நீர்த்துளி பட்டால் வரைபடம் தானாக நகரும், ஈரவிரலுக்குச் சில நேரம் அசையவே அசையாது.

ஒருநாள் படகில் கூடப் போயிருந்தபோது மாமா சொன்னார்: "மருமவனே, கண்ணு வலையில இருக்கணும். பட்டன்னா விரலுக்கே தெரியும், எது எங்க இருக்குன்னு. இது வெறும் கண்ணாடி. இதப் பாத்துக்கிட்டு இருந்தா வலைய யாரு பாக்குறது?" வலை இழுக்கும் நேரத்தில் ஒருவன் தவறி விழுந்துவிட்டால், அந்த இடத்தைக் குறிக்கப் பழைய கருவியில் ஒரே பொத்தான்தான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு அவரால் அழுத்த முடியும். அந்தப் பொத்தானுக்காகவே பழைய ஜிபிஎஸ்ஸைக் கழற்றவிடவில்லை.

தொடுதிரைக்கு நான் எதிரி இல்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க, துறைமுகத்தில் பயணத்தைத் திட்டமிட, அது நல்ல கருவி. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் 2019இல் பிரிட்ஜ் கருவிகளின் திரையும் குறியீடுகளும் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இருக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அது நல்ல தொடக்கம். அதோடு கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை. அவசர வேளையில் தேவைப்படும் ஒவ்வொன்றுக்கும் நகராத பொத்தான் ஒன்று இருக்கட்டும். குறியை நகர்த்தும் கருவி எதுவானாலும், அதன் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்ற ஓர் இடம் இருக்கட்டும். தொடுதிரையே வைத்தாலும், விரல் சுட்டும்போது மற்ற விரல்கள் பிடித்துக்கொள்ள விளிம்பில் ஒரு மேடு வையுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது.

கப்பலுக்கோ படகுக்கோ கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையின் மேசைமேல் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, படகில் நின்றுகொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி, ஈரமான மறுகையால் அதை இயக்கிப் பாருங்கள். நினைத்த இடத்தில் குறி விழுந்தால் வாங்குங்கள். விழவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.